முதல் சுற்றில் எதுவும் விழாது

ஹெலிகாப்டர் கதவோரத்தில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், உங்களுக்கு முன்னால் அதே கதவோரத்தில் முழங்கால் தேய்ந்தவன் எழுதுவது. ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு அனுபவம் தர வேண்டும், இளையவர்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். பயன்படும்படி எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். பயன் இருந்தால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

விமானப்படையில் என் பதவிக்குப் பெயர் கன்னர். உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். ராயபுரத்திலும் டோல்கேட்டிலும் விளக்கியே என் தொண்டை வறண்டது. கன்னர் என்றால் துப்பாக்கிக்காரன். ஒரு காலத்தில் குண்டுவீச்சு விமானத்தின் முதுகிலும் வாலிலும் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. சுடும் வேலை போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் சேரும்போது துப்பாக்கி இருந்த இடத்தில் மூட்டை வந்து உட்கார்ந்திருந்தது. பனிமலை உச்சியில் காவல் இருக்கும் வீரர்களுக்கு ரோடு கிடையாது, அரிசியும் பருப்பும் ஆகாயத்திலிருந்துதான் வர வேண்டும். அதைக் கதவு வழியாகத் தள்ளிவிடுகிற ஆள் நான். கோதுமை மாவு, வெங்காயம், மண்ணெண்ணெய், கடிதக் கட்டு எல்லாம் தள்ளியிருக்கிறேன். பாராசூட் கட்டி உயிரோடு ஆடுகூட இறக்கியிருக்கிறேன். அதில் ஓர் ஆடு தரையைத் தொட்டதும், தன்னை இறக்கிவிட்ட பாராசூட்டின் கயிற்றையே மென்றுகொண்டிருந்ததாகக் கேள்வி.

டகோட்டா விமானத்தில் தொடங்கி ரஷ்ய ஹெலிகாப்டரில் முடித்தேன். எங்கள் பக்கம் ஓட்டை வண்டிக்குத்தான் டகோட்டா என்று பெயர். அதனால் நான் பழைய லாரியில் கிளீனராக இருந்தவன் என்று ஒரு கூட்டமும், எல்லையில் எத்தனையோ பேரைச் சுட்டவன் என்று இன்னொரு கூட்டமும் நம்பின. இரண்டாவது கூட்டத்தைத் திருத்த நான் அவ்வளவாக முயற்சி செய்யவில்லை. சண்டையில் எத்தனை பேரைச் சுட்டாய் என்று டீக்கடையில் நேரடியாகக் கேட்டால் மட்டும், ஒரு கூடாரத்தின் மேல் தவறி ஒரு சர்க்கரை மூட்டை போட்டிருக்கிறேன், உயிர்ச்சேதம் இல்லை என்பேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் பிழைப்பில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் அதே வழக்கம்தான். இலக்கின் மேல் முதல் சுற்று வெறும் சுற்று. தாழப் பறந்து பார்க்க வேண்டும், காற்றையும் கம்பியையும் மனிதர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு விலகிப் போக வேண்டும். ஒரு கடுகைக்கூடப் போடக் கூடாது. இரண்டாவது சுற்றில்தான் கதவோரத்துக்காரனுக்கு வேலை.

இதை எனக்குப் புரியவைத்தவர் பெரிய மீசை வைத்த ஒரு சீனியர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என் ஆரம்ப நாட்களில் ஒரு மலைச் சாவடியின் மேல் முதன்முதலாகப் பறந்தபோது, கீழே வீரர்கள் பனிக்குள்ளிருந்து ஓடி வந்து கையை ஆட்டினார்கள், குதித்தார்கள், இரண்டு பேர் ஆடவே செய்தார்கள். பல நாளாக மேகம் மூடி, விமானம் போகாத இடம் அது. எனக்கு மனசு பொங்கிவிட்டது. மூட்டையைத் தள்ளக் காலை வைத்துவிட்டேன். மீசைக்காரர் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். எங்கே நின்று ஆடுகிறார்கள் பார் என்றார். பார்த்தேன். மூட்டை விழுவதற்காக அவர்களே துணி விரித்து அடையாளம் வைத்திருந்த இடத்துக்கு நட்ட நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். பசித்தவன் எப்போதும் மூட்டை விழும் இடத்தில்தான் வந்து நிற்பான், அவன் ஆடி முடித்து ஓரம் போவதற்குத்தான் முதல் சுற்று என்று அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலை, எத்தனையோ வெள்ளம். முதல் சுற்றில் நான் எதுவும் போட்டதில்லை. திரும்பி வரப் போகிறோம் என்று நமக்குத் தெரியும். கீழே இருப்பவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவி ரெஜினாவும் ராயபுரத்தை விட்டு எர்ணாவூருக்குக் குடிபோனோம். மகள் எங்களுக்கென்று அங்கே ஒரு சின்ன மூன்று மாடிக் கட்டிடத்தில் வீடு வாங்கியிருந்தாள். வடக்கே லடாக்கிலும் கிழக்கே அசாமிலும் மூட்டை முடிச்சோடு அலைந்தபோது முணுமுணுக்காத ரெஜினா, கோயில் மணிச் சத்தம் கேட்காத எர்ணாவூரைத்தான் வெளியூர் என்று சொல்லி இன்றைக்கும் அலுத்துக்கொள்கிறாள்.

கட்டிடத்தில் எங்களுக்கு மேலே செல்வம். மணலியில் ஒரு கம்பெனியில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறான். மிச்ச நேரமெல்லாம் மொட்டை மாடியில் பந்தயப் புறாக்களோடு இருப்பான். ஆள் உயரத்துக்கு மரச்சட்டமும் கம்பி வலையுமாகக் கூண்டு, அதற்குக் கூரையாகத் தகர ஷீட், ஷீட் பறக்காமல் இருக்க மேலே செங்கல். கூண்டின் ஒரு பக்கம் சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பெரிய பேனரைக் கட்டியிருந்தான். ராணி என்கிற அவனுடைய புறா பந்தயத்தில் ஜெயித்ததற்காக அவன் தோஸ்துகள் அடித்துக் கொடுத்தது. ஒரு பக்கம் கூலிங் கிளாஸோடு செல்வம், மறு பக்கம் ராணி. ராணியின் முகம் செல்வத்தின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். அந்தப் புறாக்கள் எங்கள் துவைத்த துணிமேல் செய்துவைத்த வேலைகளுக்காக ரெஜினாவுக்கும் செல்வத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. தகவல் தொடர்பு என் வழியாகத்தான்.

தரைத்தளத்தில் பாபுவும் சுமதியும். பாபு கன்டெய்னர் லாரி டிரைவர். நான்கு மாதக் குழந்தை, பெயர் யாழினி. அது பிறந்ததிலிருந்தே சுமதிக்குப் பால் இல்லை. டப்பா பால்தான்.

மழை கொட்டிய இரவு விடிந்தபோது தரைத்தளத்தில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. மத்தியானத்துக்குள் கழுத்தளவு. பாபு குடும்பம் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டது. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறிய பாபு, பால் பவுடர் டப்பாவை மட்டும் மறக்காமல் பல்லால் கவ்விக்கொண்டு வந்தான். அக்கம்பக்கத்து ஓட்டு வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்து படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்தார்கள். தண்ணீரோடு எண்ணெய் வாடையும் வந்தது. படகுகள் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டன. எங்கள் சந்தின் வாயில் ஒரு குட்டி யானை லோடு வண்டி கவிழ்ந்து, அறுந்த மின்கம்பியும் அதன்மேல் விழுந்து வழியை அடைத்திருந்தது.

முதல் நாள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். ரெஜினா இருந்த அரிசியையெல்லாம் கஞ்சியாக்கி எல்லோருக்கும் ஊற்றினாள், செல்வத்துக்கும் ஊற்றினாள், முகத்தைப் பார்க்காமல். மூன்றாம் நாள் காலையில் சுமதி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக் கரைத்தாள். அது பாலாக இல்லை, பால் நிறத்தில் இருந்தது. குழந்தை குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது. பாபு சந்தில் இறங்கி நீந்திப் பார்த்தான். கம்பி கிடந்த இடத்தோடு திரும்பி வந்தான். அரிசிக் கஞ்சித் தண்ணியைக் கொடுத்துப் பார்த்தாள் ரெஜினா. குழந்தை துப்பியது. அழுதழுது குரல் கம்மிப்போய், பத்து மணிக்கு மேல் அழுவதையும் குறைத்துக்கொண்டது. அழுகை குறைந்ததுதான் எங்கள் எல்லோரையும் கலக்கியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் காதில் விழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நம்ம வண்டி என்றேன். ரெஜினா மாடிப்படியை நோக்கி ஓடினாள். அவளுக்கு முன்னால் மொத்தக் கட்டிடமும் ஓடியது.

சாம்பல் நிற ஹெலிகாப்டர் ஒன்று எண்ணூர்ப் பக்கமிருந்து தாழ வந்தது. கதவு திறந்திருந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பையன் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தான். உங்களில் ஒருவனாகவே இருக்கலாம். மொட்டை மாடியில் கையை ஆட்டாதவர்கள் யாருமில்லை. சேலை, துண்டு, போர்வை, எல்லாம் காற்றில் ஆடின. சுமதி குழந்தையையே தூக்கிக் காட்டினாள். அந்தப் பையன் எங்களைப் பார்க்கவில்லை என்று நான் ஒருவன்தான் கவனித்தேன். அவன் கூண்டைப் பார்த்தான், தகர ஷீட்டைப் பார்த்தான், துணிக்கொடியைப் பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே ஏதோ சொன்னான். ஹெலிகாப்டர் மெதுவாகச் சாய்ந்து மேற்கே போய்விட்டது.

மொட்டை மாடியில் சத்தம் செத்தது. பிறகு ஒரேயடியாகக் கிளம்பியது. அவர்கள் ஹெலிகாப்டரைத் திட்டிய வார்த்தைகளை மலரில் அச்சடிக்க முடியாது. வந்து மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போகிறான், இதென்ன சினிமாவா என்று ஒருவர் கேட்டார். சுமதி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. குழந்தையை மடியில் போட்டுக் குனிந்துகொண்டு அதன் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

நான் கையைத் தூக்கி, அவன் திரும்பி வருவான் என்றேன். முதல் சுற்றில் எதுவும் போட மாட்டார்கள், அதுதான் வழக்கம், திரும்பி வருவதற்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னேன். கூண்டின் கூரையைக் கழற்ற வேண்டும், துணிக்கொடியை அறுக்க வேண்டும், பேனரைச் சுருட்டி உள்ளே போட வேண்டும், ஆட்கள் எல்லோரும் படிக்கட்டுக்குள் போக வேண்டும். ஹெலிகாப்டரின் விசிறிக் காற்றில் ஒரு தகர ஷீட் கிளம்பினால் ஒருவர் கழுத்தைச் சீவிவிடும். ஒரு துணி விசிறிக்குள் போனால் அந்த ஹெலிகாப்டரே எங்கள் தலையில் வந்து உட்காரும். இதையெல்லாம் நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். ஒருவர் அசையவில்லை.

பாபுதான் கேட்டான். "அல்லாரும் கீய போய்ட்டா, ஆளே இல்லாத மாடில அவன் இன்னாத்துக்கு நைனா போடுவான்?"

நியாயமான கேள்வி. பசியோடு இருப்பவர்களிடம் போய், சோறு வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கன்னர் என்ற பெயருக்கு அன்றைக்குக் காலணா மதிப்பு இல்லை. என் பக்கம் பேசுவாள் என்று ரெஜினாவைப் பார்த்தேன். இவர் வருகிறேன் என்று சொன்ன நாளில் ஒருநாளும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில்லை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வம் கூண்டில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவனிடமிருந்து ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அந்தக் கூண்டு அவன் சொந்தக் கையால் கட்டியது. அவன் ஹெலிகாப்டர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நைனா சொல்றது கரீட்டு. பந்தயத்துக்கு உட்ட புறா வூட்டுக்கு வந்தா ஒடனே எறங்காது. ஒரு ரவுண்டு அட்ச்சி, பூனை கீதா, புது ஆளு கீறானான்னு பாத்துட்டுதான் எறங்கும். நாம கைய ஆட்டிகினு நின்னா அது எறங்கவே எறங்காது, ராப்பூரா மேலயே சுத்திகினு கெடக்கும்."

சொல்லிவிட்டு அவனே கூண்டின் மேல் ஏறி முதல் செங்கல்லை எடுத்தான். நான் இத்தனை வருஷம் படித்ததையும் பழகியதையும் கொண்டு செய்ய முடியாததை ஒரு புறா செய்து முடித்தது. அந்த மாடியில் புறாவைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. ஆளுக்கொரு ஷீட்டைப் பிடித்தார்கள்.

புறாக்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ஹெலிகாப்டருக்குப் பறவையைப் போல எதிரி கிடையாது. அவற்றை வெளியே விடவும் முடியாது, கூரையில்லாத கூண்டில் வைக்கவும் முடியாது. பூட்டக்கூடிய காலி இடம் என்று பார்த்தால் எங்கள் வீட்டுக் குளியலறைதான் இருந்தது. ரெஜினாவைப் பார்த்தேன். அவள் செல்வத்தைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசினாள். வாளியைக் கவிழ்த்து வை, அதில் குடிதண்ணீர் பிடிப்போம் என்றாள். கோணிக்குள்ளும் அட்டைப் பெட்டிக்குள்ளும் போட்டு ராணியின் மொத்த சேனையும் குளியலறைக்குள் போனது.

செங்கற்களை மாடியின் நடுவில் கூட்டல் குறி போல அடுக்கினோம். அதுதான் மூட்டை விழ வேண்டிய இடம். எல்லோரையும் படிக்கட்டுக்குள் அனுப்பினேன். பேனர் சுருட்டிப் படிக்கட்டு முனையில் கிடந்தது. நான் மட்டும் மூலையில், காற்றுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்தேன். எழுபது தாண்டிய முழங்கால் அந்த ஈரச் சிமென்டில் என்னைப் பெயர் சொல்லித் திட்டியது.

வந்தான். மேற்கேயிருந்து, நேராக எங்களைப் பார்த்து. நான் இரண்டு கையையும் தூக்கினேன். கதவோரத்துப் பையன் மூட்டையைத் தன் காலருகே இழுப்பது தெரிந்தது. எல்லாம் பாடத்தில் இருக்கிறபடி நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பாபுவுக்குப் பொறுக்கவில்லை. காலி மாடியைப் பார்த்து இவனும் போய்விடுவான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பேனரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்து, மாடியின் நடுவில் நின்று அதைத் தலைக்கு மேல் விரித்து ஆட்டினான். விசிறிக் காற்று பேனருக்குள் புகுந்தது. கூலிங் கிளாஸ் செல்வமும் ராணியும் புடைத்துக்கொண்டு எழும்பினார்கள். பாபுவின் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கை நழுவினால் பேனர் நேராக விசிறிக்குள்தான் போகும்.

கத்தினால் கேட்காது. ஓடிப்போய்ப் பிடிக்க என் முழங்காலால் முடியாது. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினேன். இறங்காதே, போ என்பதற்கு உலகம் பூராவும் அதுதான் சைகை.

பையன் பார்த்தான். ஹெலிகாப்டர் ஒரு நொடிகூடத் தயங்காமல் மேலெழும்பி விலகிப் போனது. மூட்டை அவன் காலடியிலேயே இருந்தது.

காற்று அடங்கியதும் பாபு பேனரோடு கீழே விழுந்தான். எழுந்து நேராக என்னிடம் வந்து சட்டையைப் பிடித்தான். நான் கையை வீசியதை எல்லோரும் படிக்கட்டிலிருந்து பார்த்திருந்தார்கள்.

"என் புள்ள சோத்த தொரத்திட்டியே நைனா," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பேனர் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. செல்வம் வந்து அவன் கையை மெதுவாக விடுவித்தான். பிறகு பேனரைச் சுருட்டி, படிக்கட்டு முனையில் போட்டு, தன் முகத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். ரெஜினா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் திரும்பி வருவானா என்று கேட்டாள். வருவான் என்றேன்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். எனக்குத் தெரியாது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிபொருள் குறைகிறது, இன்னும் எத்தனையோ மாடிகள் காத்திருக்கின்றன, இந்த மாடியில் ஒருவன் பேனர் ஆட்டுகிறான், இன்னொருவன் போ என்று விரட்டுகிறான். கதவோரத்தில் நான் இருந்திருந்தால் அடுத்த இடத்துக்குப் போவோம் என்றுதான் கேப்டனிடம் சொல்லியிருப்பேன். மலைகளின் நடுவே மேகத்துக்குள் மாட்டிக்கொண்டபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. என் பின்னால் படிக்கட்டில் ஒரு குழந்தை சத்தமில்லாமல் இருந்தது. அதன் பாலை நான்தான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரும் கீழே இறங்கிப் போகவில்லை, யாரும் மேலேயும் வரவில்லை. பிறகு சத்தம் மறுபடி கேட்டது.

அவன் வந்தான். ஏன் வந்தான் என்று பின்னால் எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். கையை ஆட்டுகிறவர்கள் எல்லா மாடியிலும் இருப்பார்கள். முறையாக விரட்டத் தெரிந்தவன் ஒருவன் கீழே இருக்கிறான் என்றால், அந்த மாடியை நம்பி இறங்கலாம். அந்தப் பையன் அதைத்தான் தன் கேப்டனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் அவன் கைக்குப் போனால், எர்ணாவூரில் அவனுக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கிறது.

இந்த முறை மாடியில் நானும் செங்கல்லும் மட்டும்தான். பாபு படிக்கட்டுக் கதவைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டு, மற்றவர்கள் வெளியே வராமல் நின்றான். பையன் என்னைப் பார்த்து, போடலாமா என்று உள்ளங்கையைக் காட்டினான், நான் கட்டைவிரலைக் காட்டினேன். முதல் மூட்டை கூட்டல் குறியின் நடுவில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானே போட்டிருந்தாலும் அவ்வளவு சரியாக விழுந்திருக்காது. இரண்டாவதும் நன்றாக விழுந்தது. மூன்றாவது கைப்பிடிச் சுவரில் பட்டுத் துள்ளி சந்துத் தண்ணீருக்குள் போனது, பாபு பின்னாலேயே குதித்து எடுத்து வந்தான். கழற்ற மறந்த டிஷ் ஆன்டெனா ஒன்று விசிறிக் காற்றில் பிய்த்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டது. மாடியை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டேன் என்று நான்தான் அறிவித்திருந்தேன். ஆன்டெனா எங்களுடையது.

மூட்டைகளில் ரொட்டியும் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் மெழுகுவத்தியும் இருந்தன. பாபு எல்லாவற்றையும் தரையில் கொட்டித் துழாவினான். இரண்டாவது மூட்டையின் அடியில் பால் பவுடர் பாக்கெட்டுகள் இருந்தன. ரெஜினா அடுப்பைப் பற்றவைத்தாள். யாழினி முதல் பாட்டிலைக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, மறுபடி முழுக் குரலில் அழ ஆரம்பித்தபோது, படிக்கட்டு பூராவும் கை தட்டியது. ஒரு குழந்தை அழுததற்காகக் கை தட்டியவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிய மேலும் சில நாட்கள் ஆயின. அதுவரை குளியலறையில் புறாக்கள்தான் குளித்தன. எங்கள் சமையலறையிலிருந்து ராணிக்கு மட்டும் தனியாகப் பொட்டுக்கடலை போய்க்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன். செல்வத்துக்குக் கஞ்சி ஊற்றும்போது ரெஜினா இப்போது முகத்தைப் பார்த்தே திட்டினாள்.

நான் இங்கே நிறுத்தியிருந்தால் இது என் வீரப் பிரதாபத்தோடு முடிந்திருக்கும். மூட்டை விழுந்த அன்று சாயங்காலம் நானும் அப்படித்தான் இருந்தேன். மொட்டை மாடியில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்ன, நான் மீசைக்காரர் கதையைச் சொன்னேன். முதல் சுற்று எதற்கு, இரண்டாவது சுற்று எதற்கு, கையைக் குறுக்கே வீசினால் என்ன அர்த்தம் என்று விஸ்தாரமாக விளக்கினேன். பாபு தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

சுமதி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"அல்லாம் சரி நைனா. மொத ரவுண்டு போறப்ப, திரும்பி வரேன்னு ஒரு கைய காட்டிட்டு போனா இன்னா?"

அப்படி வழக்கம் இல்லை என்றேன்.

"இல்ல, அவன் போனப்ப அவ்ளோதான்னு நெனச்சிகினேன். புள்ளைய மடில போட்டுகினு, என்ன மன்னிச்சிடுடின்னு சொல்லிகினு இருந்தேன்," என்றாள்.

சொல்லிவிட்டு அவள் கீழே போய்விட்டாள். நான் பார்த்த மலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் ரேடியோ இருந்த சாவடிகள் உண்டு, இல்லாத கிராமங்களும் உண்டு. என் ஹெலிகாப்டர் சாய்ந்து விலகும்போது அங்கே யார் யார் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவோரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் கையை ஆட்டுவதுதான் தெரியும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் சுற்றில் எதுவும் போடாதீர்கள். அது சரியான வழக்கம், அதை யார் கெஞ்சினாலும் மாற்றாதீர்கள். ஆனால் பார்த்து முடித்து விலகும்போது, கீழே இருப்பவர்களைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றிக் காட்டுங்கள், வருகிறேன் என்று. அதற்கு எரிபொருள் செலவில்லை, கேப்டனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதவு எப்படியும் திறந்துதான் இருக்கிறது. கையை வெளியே நீட்டுங்கள்.